ப்ளட்ஹவுண்ட் காட்டும் ஆபத்தான அனுமதிகளை ஆவணமாக்குவது எப்படி: எல்லையோர அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே தொழில் நடத்தும் நிறுவனங்கள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தலைமை அலுவலகம் கோவையில் இருக்கும். ஆலை கஞ்சிக்கோட்டில் இருக்கும். கிடங்கு வாளையாறுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும். ஜிஎஸ்டி எண் மாநிலத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு 33இல் தொடங்கும், கேரளத்துக்கு 32இல் தொடங்கும். கணக்கு இப்படிப் பிரிந்திருந்தாலும் ஆக்டிவ் டைரக்டரி (பயனர்கள், கணினிகள், அவற்றின் அனுமதிகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) ஒன்றேதான். அதைப் பார்த்துக்கொள்ளும் ஐடி ஆட்கள் இரண்டு மூன்று பேர், 544ஆம் தேசிய நெடுஞ்சாலையில் மாறி மாறிப் போய் வந்துகொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் தேவையில்லாத அனுமதிகள் எப்படிச் சேரும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே போதும். ஊரடங்கு நாட்களில் பாஸ் இல்லாமல் வாளையாறைத் தாண்ட முடியவில்லை. கோவையிலிருந்து ஆள் போக வழியில்லாமல், கஞ்சிக்கோட்டு ஹெல்ப்டெஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் மாற்றும் அதிகாரமும் சர்வர் அட்மின் உரிமையும் "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லிக் கொடுத்த அலுவலகங்கள் உண்டு. எல்லை திறந்த பிறகும் கொடுத்த உரிமையை யாரும் திரும்ப எடுக்கவில்லை. கொடுத்தவர் இதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். ஏன் கொடுத்தார் என்று எங்கும் எழுதியிருக்காது.

ப்ளட்ஹவுண்ட் இப்படித் தேங்கிக் கிடக்கும் அனுமதிகளைப் படமாக வரைந்து காட்டும். ஆனால் அந்த அனுமதியை யார் கொடுத்தது, இன்றைக்கு யாருக்காவது அது தேவைப்படுகிறதா, எடுத்தால் எந்த வேலை நின்றுபோகும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைக் கேட்டு விசாரித்து எழுதுவது நம் வேலை. எழுதாவிட்டால் படத்தைப் பார்த்துப் பயந்ததோடு சரி, ஒரு அனுமதிகூடக் குறையாது. அதனால் இந்த வழிகாட்டியில் நிறுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எழுதும் முறைக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

கருவி என்ன செய்கிறது

ப்ளட்ஹவுண்டை ஆண்டி ராபின்ஸ், ரோஹன் வசர்கர், வில் ஷ்ரோடர் மூவரும் 2016இல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் வெளியிட்டார்கள். 2023இல் ஸ்பெக்டர்ஆப்ஸ் நிறுவனம் அதைப் புதிதாக எழுதி கம்யூனிட்டி எடிஷன் என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்தது. இப்போது புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் வசதி) ஓடும். பின்னால் நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தளம் இருக்கும்.

தரவைச் சேகரிக்க ஷார்ப்ஹவுண்ட் என்ற தனி நிரல் இருக்கிறது. அது டொமைனில் (ஆக்டிவ் டைரக்டரி ஆளும் வட்டம்) உள்ள பயனர், குரூப், கணினி, ஓயூ (கணக்குகளையும் கணினிகளையும் பிரித்து வைக்கும் உட்பிரிவு), குரூப் பாலிசி (கணினிகளுக்கு மொத்தமாகப் போகும் அமைப்புகள்) எல்லாவற்றையும், அவற்றின் மேல் யாருக்கு என்ன உரிமை என்பதையும் படித்து ஒரு ஜிப் கோப்பாகக் கொடுக்கும். அதை ப்ளட்ஹவுண்டில் ஏற்றினால் கணக்குகள் புள்ளிகளாகவும் அனுமதிகள் கோடுகளாகவும் தெரியும். "இந்தச் சாதாரண பயனரிடமிருந்து டொமைன் அட்மின் வரை போக வழி உண்டா?" என்று கேட்டால் வழியைக் காட்டும். டொமைன் அட்மின் என்றால் முழு டொமைனையும் ஆளும் உரிமை உள்ளவர்.

இதற்கு அட்மின் உரிமை வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். பெரும்பகுதிக்கு வேண்டாம். விண்டோஸ் 2000 சர்வரோடு ஆக்டிவ் டைரக்டரி வந்த நாளிலிருந்தே டொமைனில் லாகின் ஆகும் யாரும் அதன் பெரும்பகுதியைப் படிக்கலாம் என்பதுதான் இயல்பான அமைப்பு. நீங்கள் வரையும் இதே படத்தை உங்கள் வரவேற்பறைக் கணினியைப் பிடித்த ஒருவனும் வரைய முடியும். மேலாளருக்கு இந்த வேலை ஏன் என்று விளக்க இந்த ஒரு வரி போதும்.

தொடங்குமுன் ஒரு கையெழுத்து

நீங்களே அட்மின் என்றாலும் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ளவரின் அனுமதி இல்லாமல் கணினியை அணுகுவதையும் தரவை எடுப்பதையும் குறிப்பிடுகிறது. அதே செயலை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வெளியிலிருந்து வரும் ஆலோசகர் என்றால் இந்தக் கடிதம் இல்லாமல் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது.

கடிதம் அரைப் பக்கம் இருந்தால் போதும். எந்த டொமைன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தக் கணினியிலிருந்து, எந்தக் கணக்கைக் கொண்டு, யார் செய்வார், முடிந்ததும் தரவு எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று எழுதி, நிறுவனத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரிடம் வாங்குங்கள். கேரளப் பிரிவு தனி நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் அங்கிருந்தும் ஒரு கையெழுத்து வேண்டும். கோவை முதலாளி ஒத்துக்கொண்டார் என்பது கஞ்சிக்கோட்டு இயக்குநருக்குப் பதில் ஆகாது.

அதே பக்கத்தில் இன்னொன்றும் எழுதி வையுங்கள். சேகரிக்கும்போது உண்மையான ஊடுருவலின் தடயம் கண்ணில் பட்டால் என்ன செய்வது? இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்டுள்ள வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரை முதலில் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. பெயரும் எண்ணும் முன்பே எழுதியிருக்கட்டும்.

சேகரிப்புக் குறிப்பு

ஒவ்வொரு முறை ஷார்ப்ஹவுண்டை ஓட்டும்போதும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து இரண்டு படங்களை ஒப்பிடும்போது அனுமதி உண்மையிலேயே குறைந்ததா, இல்லை சேகரித்த விதம் மாறியதா என்று சொல்ல முடியாமல் போகும்.

முதலில் எந்த முறையில் ஓட்டினீர்கள் என்பது. டிசிஒன்லி என்று கொடுத்தால் டொமைன் கண்ட்ரோலரிடம் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) மட்டும் பேசும், மற்ற கணினிகளைத் தொடாது. சத்தம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் எந்தக் கணினியில் யார் லாகின் ஆகியிருக்கிறார் என்பது வராது, லோக்கல் அட்மின் பட்டியலும் குரூப் பாலிசி வழியாகக் கொடுத்த அளவுக்குத்தான் வரும். ஆல் என்று கொடுத்தால் ஒவ்வொரு கணினியையும் தட்டிப் பார்க்கும்.

இரண்டாவது, எந்தக் கணக்கு. விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்தும் சர்வர் 2016இலிருந்தும் தொலைவிலிருந்து லோக்கல் குரூப்புகளைப் படிப்பது இயல்பாக அட்மின்களுக்கு மட்டும்தான். அதனால் சாதாரண கணக்கில் ஓட்டினால் யார் எந்தக் கணினியில் லோக்கல் அட்மின் (அந்த ஒரு கணினியின் அட்மின்) என்று காட்டும் அட்மின்டு கோடுகள் பல படத்தில் வராது. கோடு இல்லாததைப் பார்த்து அனுமதியும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் சொல்வது, இரண்டு முறை ஓட்டுங்கள். ஒன்று சாதாரண பயனராக, திருடனுக்கு என்ன தெரியும் என்று பார்க்க. இன்னொன்று கணினிகளில் அட்மின் உரிமை உள்ள கணக்கில், நிஜம் என்ன என்று பார்க்க. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, நாளும் நேரமும். யார் எந்தக் கணினியில் இருக்கிறார் என்ற தகவல் அந்த நொடிக்கானது மட்டுமே. எல்லைப் பக்கத்தில் இது கொஞ்சம் சிக்கல். ஓணத்துக்குக் கஞ்சிக்கோடு காலியாக இருக்கும், கோவை மாவட்டத்துக்கும் அன்று பெரும்பாலும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். பொங்கலுக்கு கோவை காலி, பாலக்காடு போன்ற எல்லை மாவட்டங்களுக்கும் விடுமுறை கிடைப்பதுண்டு. இந்த நாட்களில் எடுத்த தரவு பரிசுத்தமாகத் தெரியும், அதில் உண்மை இருக்காது. இரு பக்கமும் வேலை நடக்கும் சாதாரண வாரத்தில், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு பரபரப்பாக இருக்கும் நாளையும் சேர்த்து, திரும்பத் திரும்பச் சேகரிக்கும் லூப் வசதியைப் போட்டுச் சில மணி நேரம் ஓட விடுங்கள்.

ஷார்ப்ஹவுண்டின் பதிப்பு எண்ணையும் குறியுங்கள். பழைய ப்ளட்ஹவுண்டுக்கான சேகரிப்பானின் கோப்பு கம்யூனிட்டி எடிஷனுக்குச் சரிவராது. ப்ளட்ஹவுண்டின் உள்ளேயே பொருத்தமான சேகரிப்பானை இறக்கிக்கொள்ளும் இடம் இருக்கிறது, அங்கிருந்தே எடுங்கள்.

ஆன்டிவைரஸ் கட்டாயம் கத்தும். கத்தாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், அதையும் ஒரு கண்டுபிடிப்பாக எழுதுங்கள். விலக்கு கொடுக்க வேண்டியிருந்தால் ஒரே ஒரு கணினிக்கு, அந்த ஒரு கோப்புறைக்கு, வேலை முடியும் வரைக்கும் மட்டும். விலக்கு கொடுத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் குறிப்பில் எழுதுங்கள், ஏனென்றால் எடுப்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பெயரை நம்பாதீர்கள்

நம் பக்கத்தில் இனிஷியல் முன்னால் வரும், மலையாளிகள் பலருக்குப் பின்னால் வரும். கோவையில் கே.சுரேஷ் என்று தொடங்கிய கணக்கு, ஆள் கஞ்சிக்கோட்டுக்கு மாறியதும் சுரேஷ்.கே என்று இன்னொன்றாகத் தொடங்கப்பட்டிருக்கும். பழையது உயிரோடுதான் இருக்கும், பழைய உரிமைகளோடு. ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருப்பதும் சகஜம்.

அதனால் ஆவணத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் பெயரோடு எஸ்ஐடி எண்ணையும் (டொமைன் ஒவ்வொரு கணக்குக்கும் தரும் தனி அடையாள எண்) எழுதுங்கள். பெயரை மாற்றலாம், எஸ்ஐடி மாறாது. சில எண்கள் எல்லா டொமைனிலும் ஒன்றே: கடைசியில் 500 என்று முடிந்தால் டொமைனோடு பிறந்த அட்மினிஸ்ட்ரேட்டர், 512 டொமைன் அட்மின்ஸ், 513 டொமைன் யூசர்ஸ், 519 என்டர்பிரைஸ் அட்மின்ஸ். யாரோ அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பெயரை "கேன்டீன்" என்று மாற்றி ஒளித்து வைத்திருந்தாலும் 500 காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு என்று தெரிந்தவற்றைத் தனிப் பக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தை மனிதவளப் பிரிவிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஐடி ஆட்களைவிட ஆலை நுழைவாயிலில் வருகைப் பதிவு பார்ப்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

கோடுகளின் அகராதி

ஆவணத்தின் தொடக்கத்தில் இரண்டு பக்கம் இதற்காக ஒதுக்குங்கள். ப்ளட்ஹவுண்டில் கோட்டு வகைகள் ஏராளம், எல்லாவற்றையும் எழுத வேண்டாம். உங்கள் டொமைனில் தென்படுபவற்றை மட்டும், ஹெல்ப்டெஸ்க் பையனுக்கும் ஆலை மேலாளருக்கும் புரியும் தமிழில் எழுதுங்கள். கஞ்சிக்கோட்டில் படிக்கப்போகிறவர்களுக்கு இதே பக்கம் மலையாளத்திலும் இருப்பது நல்லது. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, ஆனால் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து ஓடாது.

மெம்பர்ஆஃப் என்றால் இந்தக் கணக்கு அந்தக் குரூப்பில் இருக்கிறது, குரூப்புக்குக் கிடைப்பதெல்லாம் இதற்கும் கிடைக்கும். குரூப்புக்குள் குரூப் இருந்தால் அதுவும் சேரும். அட்மின்டு என்றால் அந்தக் கணினியில் லோக்கல் அட்மின். ஹேஸ்செஷன் கணினியிலிருந்து ஆளை நோக்கிப் போகும். அந்தக் கணினியில் அந்த ஆள் லாகின் ஆகியிருந்தார் என்று பொருள். அங்கே அட்மினாக இருப்பவர் அவருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்த முடியும். இந்த மூன்றும் சேர்ந்தாலே பாதிக் கதை முடிந்துவிடும்.

ஃபோர்ஸ்சேஞ்ச்பாஸ்வேர்ட் என்றால் பழைய பாஸ்வேர்ட் தெரியாமலேயே அந்தக் கணக்குக்குப் புதிய பாஸ்வேர்ட் வைக்கலாம். ஹெல்ப்டெஸ்க்குக்கு இது தேவைதான், கேள்வி எந்தக் கணக்குகளின் மேல் என்பதுதான்.

ஜெனரிக்ஆல் முழு உரிமை. இதை அப்படியே "முழு உரிமை" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள், கோடு எதன் மேல் விழுகிறதோ அதைப் பொறுத்து விளைவு மாறும். பயனர் மேல் என்றால் பாஸ்வேர்டை மாற்றலாம். குரூப் மேல் என்றால் தன்னையே அதில் சேர்த்துக்கொள்ளலாம். லாப்ஸ் (லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைத் தானாக மாற்றி டைரக்டரியில் வைக்கும் வசதி) போட்ட கணினி மேல் என்றால் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைப் படிக்க வழியிருக்கிறது. ஓயூ மேல் என்றால் அதற்குள் இருக்கும் எல்லோருக்கும் அது இறங்கும்படி செய்யலாம்.

ரைட்டேக்கிள், ரைட்ஓனர் இரண்டும் இன்றைக்கு ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் இவை உள்ளவர் தனக்கு வேண்டிய அனுமதியைத் தானே எழுதிக்கொள்ள முடியும், அதனால் ஜெனரிக்ஆலுக்குச் சமமாகவே வையுங்கள்.

டிசிசிங்க் இருந்தால் டொமைன் கண்ட்ரோலர் போல நடித்து எல்லோருடைய பாஸ்வேர்ட் ஹேஷ்களையும் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) கேட்டு வாங்கலாம். டொமைன் கண்ட்ரோலர்களுக்கும் அட்மின் குரூப்புகளுக்கும் இது இயல்பாகவே இருக்கும். வேறு யாருக்காவது இருந்தால் அன்றே விசாரியுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: மைக்ரோசாஃப்ட் 365க்குப் பாஸ்வேர்ட் ஹேஷ் ஒத்திசைவு வைத்திருந்தால் அந்த இணைப்புக் கணக்குக்கு இது தேவை. பெயர் பெரும்பாலும் எம்எஸ்ஓஎல் என்று தொடங்கும். அதை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஒத்திசைவு ஓடும் சர்வரை டொமைன் கண்ட்ரோலருக்குச் சமமாகப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்த சர்வர் ஆலையின் மேற்பார்வையாளர் அறையில் ஏசிக்குக் கீழே இருந்தால் அதையும் எழுதுங்கள்.

குரூப் பாலிசிக்கு மட்டும் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். ஒரு பாலிசியைத் திருத்த முடிகிறவர், அது எந்த ஓயூவில் இணைந்திருக்கிறதோ அங்குள்ள எல்லாக் கணினிகளையும் ஆள்கிறார். 32 ஓயூவுக்கென்று (கேரளப் பிரிவின் ஓயூ என்று வைத்துக்கொள்ளுங்கள்) செய்த பிரிண்டர் பாலிசியை யாரோ வசதிக்காக டொமைன் முழுவதற்கும் இணைத்திருந்தால், பிரிண்டர் பார்க்கும் ஆள் கையில் முழு நிறுவனமும் இருக்கிறது.

பாதையை எழுத வேண்டாம்

முதன்முறை இந்த வேலை செய்பவர்கள் ப்ளட்ஹவுண்ட் காட்டும் பாதைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி அறிக்கை தயாரிப்பார்கள். பார்க்கக் கனமாக இருக்கும், பயன் குறைவு. பாதைகளுக்கு முடிவே கிடையாது. ஒரே கோடு நூறு பாதைகளில் வரும். சரி செய்யும்போது நாம் தொடப்போவது பாதையை இல்லை, ஒரு அனுமதியை. அதனால் ஒரு கோட்டுக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதைகளில் அது வருகிறது என்பது பதிவுக்குள் ஒரு வரி.

எந்தக் கோட்டில் தொடங்குவது? கருவியில் தயாராக உள்ள கேள்விகளில் சிலவற்றை முதலில் ஓட்டுங்கள். டொமைன் யூசர்ஸ் குரூப்புக்கு எங்காவது அட்மின் உரிமையோ எழுதும் உரிமையோ இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் அது எல்லோருக்கும் கொடுத்ததற்குச் சமம். அடுத்து, டொமைன் அட்மின்கள் டொமைன் கண்ட்ரோலர் தவிர வேறெங்கு லாகின் ஆகியிருக்கிறார்கள். அப்புறம் டிசிசிங்க். அப்புறம் எஸ்பிஎன் (டொமைனில் ஒரு சேவையை அடையாளம் காட்டும் பெயர்) வைத்த சர்வீஸ் கணக்குகளில், அதாவது ஆளுக்கு அல்லாமல் மென்பொருளுக்கென்று உள்ள கணக்குகளில், அட்மின் வரை வழி உள்ளவை. இந்த நான்கில் கிடைப்பதை எழுதி முடிக்கவே சிறிய நிறுவனத்துக்கு முதல் சுற்று சரியாக இருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் சர்வர் ஒரு காலத்தில் இருந்து, மெயில் கிளவுடுக்குப் போய்விட்ட அலுவலகங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் நிறுவும்போது உருவான குரூப்புகளுக்கு டொமைனின் மேலேயே ரைட்டேக்கிள் இருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த புதுப்பிப்புகள் அதைக் குறைத்தன, ஆனால் டைரக்டரியைத் தயார் செய்யும் படியையும் ஓட்டியிருந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். சர்வரை அணைத்துவிட்டுப் போனவர்கள் இதைச் செய்திருக்க வாய்ப்புக் குறைவு.

ஒரு பதிவு எப்படி இருக்கும்

கற்பனையான ஒரு மாதிரி தருகிறேன். பதிவு எண்ணுக்கு மாநில ஜிஎஸ்டி குறியீட்டையே முன்னொட்டாக வைத்திருக்கிறேன், இரு பக்கத்தாருக்கும் அது மனப்பாடம்.

எண்: 32-007

யாருக்கு: கஞ்சிக்கோடு ஹெல்ப்டெஸ்க் குரூப். நேரடி உறுப்பினர் 3 பேர், உள்குரூப் வழியாக 1.

எதன் மேல்: பேக்கப் சர்வீஸ் கணக்கு.

என்ன அனுமதி: ஃபோர்ஸ்சேஞ்ச்பாஸ்வேர்ட். கணக்கின் மேல் நேரடியாகக் கொடுத்ததில்லை. 32 ஓயூவில் கொடுத்தது, அங்கிருந்து இறங்கி வருகிறது.

என்ன நடக்கலாம்: ஹெல்ப்டெஸ்க்கில் யாராவது ஒருவருடைய கணக்கு திருடு போனாலும் பேக்கப் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி அதைக் கைப்பற்றலாம். பேக்கப் கணக்கு டேலி ஓடும் சர்வரில் அட்மின். அந்த சர்வரில் டொமைன் அட்மின் ஒருவர் ரிமோட் டெஸ்க்டாப்பைத் துண்டித்துவிட்டுப் போயிருக்கிறார், லாக்ஆஃப் செய்யவில்லை.

ஏன் கொடுத்தது: 2020 ஊரடங்கில் ஊழியர் பாஸ்வேர்ட் ரீசெட்டுக்காக. எழுத்துச் சான்று இல்லை, ஆலை மேலாளர் வாய்மொழியாக உறுதி செய்தார்.

இப்போது தேவையா: ஊழியர் கணக்குகளுக்குத் தேவை. சர்வீஸ் கணக்குகளுக்குத் தேவையில்லை. எல்லா டொமைன் கண்ட்ரோலர்களிலும் 4724 நிகழ்வை (பாஸ்வேர்ட் ரீசெட் முயற்சியின் பதிவு) 180 நாளுக்குத் தேடியதில் பேக்கப் கணக்கின் மேல் ஹெல்ப்டெஸ்க் எதுவும் செய்யவில்லை.

திருத்தம்: சர்வீஸ் கணக்குகளை 32 ஓயூவிலிருந்து எடுத்துத் தனி ஓயூவுக்கு மாற்றுவது. ஹெல்ப்டெஸ்க் உரிமையை ஊழியர் ஓயூவுக்குள் மட்டும் வைப்பது.

எதை உடைக்கலாம்: ஓயூ மாறும்போது அதற்கு வரும் குரூப் பாலிசியும் மாறும். இரவு பேக்கப் ஒரு முறை ஓடி முடிவதைப் பார்க்க வேண்டும்.

திரும்ப வைக்க: பழைய ஓயூவுக்கு நகர்த்தினால் போதும். மாற்றத்துக்கு முன் எடுத்த அனுமதிப் பட்டியல் மாற்றக் கோப்புறையில் உள்ளது.

பொறுப்பு, கெடு, சரிபார்த்தவர்: பதவிப் பெயர்களோடு.

இதில் "ஏன் கொடுத்தது" என்ற வரிதான் நேரம் எடுக்கும், அதுதான் முக்கியமும். பதில் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை, இன்னாரிடம் கேட்டது, இந்தத் தேதி" என்று எழுதுங்கள். கோட்டின் உரிமையாளர் யாரும் இல்லை என்பதே எடுக்கப் போதுமான காரணம், பயன்பாட்டுப் பதிவும் காலியாக இருந்தால். 180 நாள் என்று நான் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதே செர்ட்-இன் உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. உங்களிடம் 180 நாள் லாகு இல்லையென்றால் அதுவும் ஒரு பதிவாக ஆவணத்தில் ஏறட்டும்.

மேலே சொன்ன மாதிரியில் உண்மையில் மூன்று கோடுகள் இருக்கின்றன. பேக்கப் கணக்குக்கு டேலி சர்வரில் முழு அட்மின் தேவையா என்பது ஒரு பதிவு. டொமைன் அட்மின் டேலி சர்வரில் ஏன் லாகின் ஆனார் என்பது இன்னொன்று. மூன்றில் எதை வெட்டினாலும் இந்தப் பாதை அடைபடும். எது மலிவோ அதை முதலில் செய்யுங்கள், ஆனால் மற்றவற்றின் பதிவை மூடாதீர்கள். வாளையாறில் நெரிசல் என்றால் லாரிகள் வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகப் போவது போல, ஒரு கோடு போனதும் அடுத்த குறுகிய பாதையைக் கருவி காட்டும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது

மாற்றத்துக்கு முன் அந்தப் பொருளின் அனுமதிப் பட்டியலைக் கோப்பாக எடுத்து வைப்பது கட்டாயம். டிஎஸ்ஏக்கிள்ஸ் கட்டளையே போதும். பவர்ஷெல்லிலும் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை மாற்றம் செய்ய வேண்டாம், ஒன்று உடைந்தால் சனிக்கிழமை எந்தப் பக்கம் யார் இருப்பார் என்று தெரியாது.

ஒரு பொறி அடிக்கடி வரும். டொமைன் அட்மின் போன்ற பாதுகாக்கப்பட்ட குரூப்பில் உள்ள ஒரு கணக்கின் மேல் தேவையற்ற அனுமதி இருக்கிறது, எடுத்துவிடுகிறீர்கள், ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. யாரோ உள்ளே புகுந்து வைத்துவிட்டார் என்று பதற வேண்டாம். அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற பொருளின் அனுமதிப் பட்டியலை இந்தக் கணக்குகளின் மேல் 60 நிமிடத்துக்கு ஒரு முறை படி எடுக்கும் வேலை ஒன்று இயல்பாகவே ஓடுகிறது. அனுமதி அங்கே இருந்தால் அங்கேதான் எடுக்க வேண்டும். யார் எப்போது அங்கே சேர்த்தார் என்பதைத் தனியாக விசாரிக்கவும் வேண்டும், ஏனென்றால் ஊடுருவியவர்கள் நிலையாகத் தங்க விரும்பும் இடங்களில் அதுவும் ஒன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவரை டொமைன் அட்மினிலிருந்து எடுத்த பிறகும் அட்மின்கவுண்ட் என்ற குறி 1 என்றே நிற்கும், மேலிருந்து அனுமதி இறங்குவதும் நின்றபடியே இருக்கும். ஹெல்ப்டெஸ்க்கால் அவருடைய பாஸ்வேர்டை மாற்ற முடியாது, டிக்கெட் மேல் டிக்கெட் வரும். கடைசியில் யாராவது பொறுமையிழந்து ஹெல்ப்டெஸ்க்குக்குக் கூடுதல் உரிமை கொடுத்துவிடுவார். குரூப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் "குறியைத் துடைத்து, அனுமதி இறங்குவதைத் திரும்பத் திறக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள்.

ஆவணத்தை எங்கே வைப்பது

இந்த ஆவணம் வெளியே போனால் உங்கள் நிறுவனத்தைத் திறக்கும் வழிமுறை முழுவதும் போனது போல. ஷார்ப்ஹவுண்ட் கொடுக்கும் ஜிப்பும் அப்படியே, உள்ளே இருப்பது யாரும் படிக்கக்கூடிய சாதாரண உரை. வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது, "ஒரு தடவை மட்டும் சார்" என்றாலும். டொமைனில் உள்ள பொதுப் பகிர்வு கோப்புறையிலும் வைக்காதீர்கள். டொமைனில் சேராத, டிஸ்க் குறியாக்கம் செய்த ஒரு மடிக்கணினியில் ப்ளட்ஹவுண்டையும் ஆவணத்தையும் வைத்து, அது யார் அலமாரியில் இருக்கிறது என்று எழுதி வைப்பது சிறிய நிறுவனத்துக்குப் போதும். சில ஆயிரம் கணக்குகள் உள்ள டொமைனுக்கு 16 ஜிபி நினைவகம் தாராளம். ப்ளட்ஹவுண்டின் இணைய முகப்பு அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும் திறக்கட்டும், அலுவலக வலையமைப்புக்குத் திறந்துவிட வேண்டாம்.

மேலாளருக்குத் தனியாக ஒரு பக்கம் தயாரியுங்கள். அதில் கணக்குப் பெயர்கள் வேண்டாம். எத்தனை பதிவு திறந்திருக்கிறது, எத்தனை மூடியது, எவை அவருடைய முடிவுக்காக நிற்கின்றன என்பது போதும். வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்த ஆபத்துகளுக்கு அவர் கையெழுத்தும், மறுபடி பார்க்கும் தேதியும் வேண்டும். தேதி இல்லாத "ஏற்றுக்கொள்ளப்பட்டது" 2020இன் "கொஞ்ச நாளைக்கு" மாதிரிதான்.

மறுபடி ஓட்டுவது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓட்டலாம். ஆள் மாறினால், புதிய கிளை சேர்ந்தால், புது மென்பொருள் வந்து சர்வீஸ் கணக்கு கேட்டால் காத்திருக்காமல் ஓட்டுங்கள். அதே முறை, அதே வகைக் கணக்கு, அதே மாதிரி வாரநாள். பழைய தரவின் மேலேயே புதியதை ஏற்றினால் நீங்கள் வெட்டிய கோடு படத்தில் மிஞ்சி நிற்கக்கூடும், அதனால் தரவுத்தளத்தைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். துடைப்பதற்கு முன் நீங்களே எழுதிய கேள்விகளைக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றை ஆவணத்தின் பின்னிணைப்பில் வையுங்கள்.

திறந்த பதிவு ஒவ்வொன்றையும் புதிய படத்தில் தேடிப் பாருங்கள். கோடு போயிருந்தால் தேதியோடு மூடுங்கள். மூடிய கோடு திரும்ப வந்திருந்தால் புது எண் கொடுக்காதீர்கள், பழைய பதிவையே திறந்து யார் திரும்பக் கொடுத்தார் என்று எழுதுங்கள். டைரக்டரி மாற்றங்களுக்குத் தணிக்கையை இயக்கி வைத்திருந்தால் 5136 நிகழ்வில் பெயர் கிடைக்கும், குரூப்பில் சேர்த்தது என்றால் 4728, 4732, 4756இல் ஒன்றில் இருக்கும். ஒப்பிட்டு முடிந்ததும் முந்தைய சுற்றின் ஜிப்பை அழித்து, அழித்தவர் பெயரையும் தேதியையும் சேகரிப்புக் குறிப்பில் எழுதுங்கள்.